மழை பெய்ய வைத்தவர்கள்

மனைவி க்ளெனிஸை வெள்ளம் கொண்டுபோன பிறகு வந்த குளிர்காலம் முடிவதற்குள், மழை தானாகப் பெய்யும் என்று நம்புவதை மெர்வின் ஹாலோரன் விட்டுவிட்டார். மகள் ரோவினாவுக்கு அது தொலைபேசியில்தான் தெரியவந்தது. வெள்ளத்துக்கு முந்தின வாரம் பள்ளத்தாக்குக்கு மேலே விமானங்கள் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போனதாகவும், மேகத்தில் எதையோ தூவியதாகவும், இந்த நிலமெல்லாம் யாருக்கோ மலிவாக வேண்டியிருப்பதாகவும் சொன்னார். துக்கம் பேசுகிறது, மெல்ல ஆறிவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்தது பிரிஸ்பேனில், வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில். அவளுடைய அப்பாவுக்குப் பசுக்கள் இருந்தது வில்லோபாவில், ஆற்றோரத்தில். தண்ணீர் வரும் ஊர்தான் அது. அதனால் வீடுகளையெல்லாம் உயரமான மரக்கால்கள் மேல்தான் கட்டியிருந்தார்கள்.

வெள்ளம் வந்த அன்று காலை, தண்ணீர் வீட்டுத் தளத்தைத் தொடாது என்றுதான் அலுவலகம் அறிவித்தது. மெர்வின் அதை நம்பி, க்ளெனிஸை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போனார். பக்கத்துப் பண்ணை கெல்வினின் தகரப் படகில் அவர் திரும்பி வந்தபோது கூரை மட்டும் தெரிந்தது. மேலே மலையில் இருந்த மழைமானி ஒன்று விடிகாலையிலேயே நின்றுபோயிருந்தது. அந்தப் பக்கம் கொட்டிய மழை யாருக்கும் தெரியவில்லை. ரோவினா அன்று விடுப்பில் இருந்தாள். விசாரணை முடிந்து வந்த விவரம் இவ்வளவுதான்.

சேறு காய்ந்து கோடு விழுந்திருந்த சமையலறையில் உட்கார்ந்து அவள் இதை அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னாள். முழுவதையும் கேட்டார்.

"ஒரு மானி நின்னு போச்சு," என்றார். "அதுக்காகவா உங்கம்மா செத்தா?"

அவள் விசாரணை அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவருடைய கொட்டகையில் ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். கெல்வின் வருவார். ரொட்டிக்கடையை ஆற்றுக்குக் கொடுத்த பெர்னடெட் வருவாள். வெளியூரிலிருந்து டாரில் என்று ஒருவன், எதைப் பார்த்தாலும் வீடியோ எடுப்பவன், வருவான். ஒருமுறை ரோவினாவும் போய் ஓரமாக நின்றாள். விமானம், அமைச்சர்கள், சுரங்க முதலாளிகள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. நடுவில் பெர்னடெட் க்ளெனிஸின் குரலில் பேசிக் காட்ட, அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஊரில் மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்வதையே நிறுத்தியிருந்தார்கள். அவருக்குச் சாப்பாடு கொண்டு வந்ததும், முகம் மழிக்க வைத்ததும் இவர்கள்தான். இவர்களை எப்படி வெறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வசந்தத்தில் அலுவலகம் ஊர்க்கூட்டம் ஒன்று போட்டது, நடந்ததை விளக்க. பள்ளத்தாக்கைத் தெரிந்தவள் என்று ரோவினாவே போக முன்வந்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. அவள் பேசி முடித்ததும் இரண்டாவது வரிசையில் மெர்வின் எழுந்தார். ஈமச்சடங்குக்குப் போட்ட அதே கோட்டைப் போட்டிருந்தார்.

"உங்க பேர் என்னம்மா?"

"அப்பா..."

"பேரைத்தான் கேட்டேன்."

"ரோவினா ஹாலோரன்."

"சம்பளம் யாரு குடுக்கறாங்க?"

"அரசாங்கம்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "அந்த விமானங்களை யாரு அனுப்பினாங்க?" என்று கேட்டார். யாரும் அனுப்பவில்லை என்றாள். "நல்லா நடிக்கிறா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மெர்வின் திரும்பிப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

டாரில் மண்டபத்தில் எடுத்த வீடியோ நாடெல்லாம் சுற்றியது. முகம் தெரியாதவர்கள் அவளுடைய தெருவின் பெயரைக் கண்டுபிடித்து இணையத்தில் போட்டார்கள். பெற்ற தாயை விற்றவள் என்று எழுதினார்கள். ஒரு காலையில் கார்ச் சக்கரங்கள் கிழிந்து கிடந்தன, கதவில் சிவப்பு வண்ணம் வழிந்தது. அவள் ரயிலேறி, கெல்வினை வரச்சொல்லி, பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தாள். வழி முழுக்கக் கெல்வின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் போனில் கதவின் படத்தைப் பார்த்ததும் அப்பா அதை மேசையில் தள்ளி வைத்தார்.

"அவங்களே பண்ணிட்டு எங்க மேல பழி போடறாங்க," என்றார் கடைசியில்.

"அவங்கன்னா யாருப்பா?"

"உன்னை வேலைக்கு வச்சிருக்கானுங்களே, அவனுங்கதான். நீ இங்கயே வந்துடும்மா. இங்க உன்னை ஒருத்தன் தொட முடியாது."

மண்டபத்தில் பட்டதைவிட இந்த அன்பு அவளுக்கு அதிகமாக வலித்தது. அப்பா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு தடவை சொல்லு. ஆமா, செஞ்சாங்கன்னு. வெளிய விடமாட்டேன். கெல்வின்கிட்டகூட சொல்லமாட்டேன்."

ஒரு சொல்தான். சொல்லிவிட்டால் அப்பா திரும்பக் கிடைப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. வாய்வரை வந்தது. ஆனால் அது அம்மாவின் சாவைப் பற்றிய பொய். அதைச் சொல்லிவிட்டு அந்த வீட்டில் அவளால் உட்கார முடியாது.

"அம்மா சாகணும்னு யாரும் திட்டம் போடலப்பா. யாருமே போடல."

அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்ப நான்தான அவளை இங்க விட்டுட்டுப் போனேன்," என்றார்.

"நீங்க எங்க ஆபீஸ் சொன்னதை நம்பித்தானப்பா போனீங்க."

"ஆமா. நம்பினேன்."

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பால் கறக்கப் போனார். அவள் தடுக்கவில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் ரோவினா கடல் தாண்டித் தெற்கே இருக்கும் ஹோபார்ட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். மெர்வின் வீட்டைப் பூட்டிவிட்டு மேட்டில் ஒரு கேரவனைக் கொண்டுபோய் நிறுத்தி அதிலேயே குடியேறிவிட்டார். எச்சரிக்கை எதற்கும் காத்திருப்பதில்லை. வானம் கறுத்தாலே மாடுகள் மேலே போய்விடும். மற்றவர்கள் கீழே காய்ந்த தரையில் நின்று பார்ப்பார்கள். கொட்டகைக் கூட்டமும் மெல்லக் கலைந்தது. பெர்னடெட் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். டாரிலுக்கு வேறு ஊரில் காட்டுத்தீ கிடைத்தது.

அடுத்த ஈஸ்டருக்கு அவள் வந்தாள். கேரவனுக்கு வெளியே இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து, மடி நோய் கண்ட ஒரு பசுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உயரத்தில் ஒரு விமானம் போனது. பின்னால் வெள்ளைக் கோடு நீண்டது. அப்பா பேச்சை நிறுத்தி அண்ணாந்தார். அந்தக் கோடு உறைந்துபோன நீராவிதான் என்று அவள் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. அவரோடு சேர்ந்து அவளும் பார்த்தாள், கோடு அகன்று, கலைந்து, ஒன்றுமில்லாமல் போகிறவரை.

பிறகு அவர் எழுந்து, ஆட்டுக்கறி சுடட்டுமா என்று கேட்டார். சரி என்றாள்.