நாகூர் மீரானின் கையெழுத்து

தாராவியில் ஒரே தோல் ஷாப்பில்தான் நாகூர் மீரான் அண்ணாச்சியும் நானும் வேலை பார்த்தோம். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை அவர் இழுத்துப் போடுவார். நான் சுமந்து கொண்டுபோய் முடி சுரண்டுகிற இடத்தில் இறக்குவேன்.

உலக யுத்தத்தின்போது அவர் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா காட்டில் கோவேறு கழுதைகளோடு நடந்தவர். நாலு வருஷம். அவருக்கு எழுத்துத் தெரியாது, இன்னொருத்தனிடம் சொல்லி எழுதவைக்க வெட்கம். கடையநல்லூரில் இருந்த சம்சாரத்துக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

அந்தச் சம்சாரம், சுலைகா மைனி, தாராவிக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்த நாலு வருஷத்தை மறக்கவே இல்லை. ரங்கூனில் ஒருத்தியோடு குடும்பம் நடத்திவிட்டு வந்தார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

“சண்டைக்குப் போன ஆளு ஒடம்புல ஒரு காயம் இருக்கா, பாருங்க மாசானண்ணே!” என்பார் என்னிடம்.

“கழுத ஒதச்ச தழும்பு இருக்குல்லா?” என்பார் அண்ணாச்சி.

“கழுதகிட்ட ஒத வாங்க பர்மாவுக்கா போவணும்? மாஹிம்லயே ஒதைக்குமே.”

பட்டாளத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டினால், “காயிதந்தானே, எவனும் எழுதுவான்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு. அண்ணாச்சி மட்டும் புத்தகத்தைத் துணியில் சுற்றித் திரும்பப் பெட்டிக்குள் வைப்பார்.

அறுபத்து மூன்றில், நாற்பத்திரண்டு வயதில், நான் எழுத்துப் படித்தேன். வேலை முடிந்து மாட்டுங்காவுக்கு நடந்து போவேன். கற்றுக்கொடுத்தவர் வேங்கடசுப்ரமணியன், ஆபீஸ் குமாஸ்தா. அண்ணாச்சியின் கதையைச் சொன்னதும் அவர்தான் சொன்னார்: பர்மாவில் இருந்தவர்களுக்கு வெள்ளைக்கார சர்க்கார் ஒரு நட்சத்திர மெடல் கொடுக்கிறது, பல பேர் கேட்கவே இல்லை, எழுதிக் கேட்டால் வரும். விண்ணப்பப் பாரத்தையும் அவரே இங்கிலீஷில் நிரப்பிக் கொடுத்தார்.

“டிஸ்சார்ஜ் புக்ல இருக்கிற மாதிரியே இடது கட்டைவிரலை இங்க வைக்கச் சொல்லும். அப்புறம் தபால்ல போட்டுடும்.”

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. ‘கைநாட்டு’ என்றே மேஸ்திரி என்னை எத்தனை வருஷம் கூப்பிட்டிருப்பான்! அவ்வளவு பெரிய சர்க்காருக்குப் போகிற காகிதத்தில் அண்ணாச்சி மையைத் தேய்ப்பதா?

“ஆறே எழுத்துதான் அண்ணாச்சி. நான் சொல்லித் தாரேன்.”

“அந்த அய்யரு பெருவிரலுன்னுல்லால சொன்னாரு?”

“எழுதத் தெரியாதவங்களுக்குச் சொன்னது அது.”

இருபது நாள் ஆயிற்று. சுண்ணாம்பு படிந்த பலகையில் ஈர விரலால் எழுதிப் பழகினார். கடைசியில் பாரத்தில் ‘நாகூர் மீரான்’ என்று எழுதி முடித்தபோது அவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. மைனி எட்டிப் பார்த்தார்.

“இப்ப வருதாக்கும் எழுத்து! அன்னைக்கு வந்திருந்தா ஒரு கடுதாசி கண்டிருப்பேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. “மெடலு வரட்டும். வந்தா ஒத்துக்கிடுதேன். எம் மாப்பிள பட்டாளத்துக்குத்தான் போனாருன்னு தாராவி பூரா நானே சொல்லுதேன்.”

பதினோரு மாதம் கழித்துப் பாரம் திரும்பி வந்தது. வேங்கடசுப்ரமணியன் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னய்யா பண்ணினீர்?”

“கையெழுத்துதானே சார் மரியாதை.”

“அவா கிட்ட இருக்கிறது ரேகை, ஓய். இவர் யாருன்னு அவாளுக்கு அதை வச்சுத்தான் தெரியும்.”

அன்றைக்கே விரலை வைத்துப் பார்த்தோம். வெறும் கறுப்புப் பொட்டுதான் விழுந்தது. பதினாறு வருஷச் சுண்ணாம்பு ரேகையைத் தின்றிருந்தது. அவர் இருபது நாள் குழிப் பக்கம் போகாமல் விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் வேலையையும் சேர்த்து நான் பார்த்தேன். என் விரல்கள் வெடித்தன. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. மெல்ல ரேகை தெரிந்தது. இரண்டாவது பாரம் போயிற்று.

அதற்குள் மைனி படுத்துவிட்டார். நெஞ்சுச் சளி என்றார்கள், பிறகு வேறு என்னவோ சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அதே கேள்விதான்.

“மெடலு வந்துட்டா?”

“வரும் புள்ள.”

“ரங்கூன்ல இருந்து அவ அனுப்பணும்லா, நாளாகத்தான் செய்யும்.”

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அண்ணாச்சியும் சிரித்தார். நான் வெளியே வந்து நின்றேன்.

அந்த மழைக்காலத்தில் மைனி போய்விட்டார். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிப் பத்து நாள்கூட ஆகவில்லை, ரிஜிஸ்தர் தபால் வந்தது.

“சஹி கரேகா, யா அங்கூட்டா?” என்று, கையெழுத்தா கட்டைவிரலா எனக் கேட்டுத் தபால்காரர் ரசீதை நீட்டினார். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. தபால்காரர் வைத்திருந்த மைப்பெட்டியில் இடது கட்டைவிரலைத் தேய்த்து ரசீதில் வைத்தார்.

“தெளிவா விழுந்துருக்கால?”

“விழுந்திருக்கு அண்ணாச்சி.”

உள்ளே சின்ன அட்டைப்பெட்டி. ஆறு முனை வைத்த நட்சத்திரம், நடுவில் கிரீடம், சிவப்பும் நீலமுமாக ஒரு பட்டை. அண்ணாச்சி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது ரொம்ப லேசாக இருந்தது போலிருக்கிறது.

“இதக் காட்டியிருந்தாலும், ரங்கூன் கடையில வாங்குனதுன்னுதாம்ல சொல்லிருப்பா,” என்றார்.

வீணாய்ப் போன அந்தப் பதினோரு மாதம் என்னை உறுத்தக் கூடாதென்று, எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். மைனி அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ‘ஒத்துக்கிடுதேன்’ என்று அவர் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன், கையில் பேனாவை வைத்துக்கொண்டு.