கிடைக்காத பல்சக்கரம்

இரும்பு கடையும் லேத்தில் பல்சக்கரம் உடைந்த அன்று அண்ணன் சொன்ன காரணம் நம்பும்படியாகத்தான் இருந்தது. பழைய இரும்பு, எத்தனை காலம்தான் தாங்கும் என்றார். தம்பியும் தலையாட்டினான். அந்த லேத்தைச் செய்த கம்பெனியே என்றைக்கோ மூடியாகிவிட்டது. ஆனால் அண்ணன் அதில் கடைந்து கொடுத்த சாமானைச் சரியில்லை என்று ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அளவு ஒரு மயிரிழை பிசகினாலும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கடைவார். அதனால் தெருவில் அவருக்கு மயிரிழை என்றே பெயர். தலையில் ஒரு முடி கிடையாது, பெயரைப் பாருங்கள்! மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷன், அந்தப் பெயரைக் கேட்டால் மட்டும் சிரித்துவிடுவார்.

தம்பி அதே கொட்டகையின் மறுபாதியில் வெல்டிங் செய்கிறவன். மாற்றுச் சக்கரம் தேடி அவன்தான் கிளம்பினான். பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் நாயாக அலைந்தான். விட்டம் சரியாக இருந்தால் நடுத்துளை பெரிதாக இருந்தது. துளை சரியாக இருந்தால் பல் பொடிப்பொடியாக இருந்தது. ஒரு கடைக்காரர் வேறு ஏதோ மெஷினின் சக்கரத்தை அவன் தலையில் கட்டப் பார்த்தார், அரத்தால் கொஞ்சம் ராவினால் பொருந்திவிடும் என்று. ராவினால் பொருந்துமாம்! அதையும் நின்று கேட்டுக்கொண்டிருந்தானே, அவனைச் சொல்ல வேண்டும். கடைசியில் புதிதாகவே வெட்டிக்கொள்ளலாம் என்று பல் டாக்டரிடம் போனான். சக்கரத்துக்குப் பல் வெட்டுவதைத் தவிர வேறு வைத்தியம் அறியாத டாக்டர் அவர். வெளிவிட்டமும் மொத்தம் எத்தனை பல் என்பதும் தெரிந்தால் போதும் என்றார்.

பட்டறைக்கு வந்து, உடைந்த சக்கரத்தை அண்ணனிடம் கொடுத்து எண்ணச் சொன்னான். எண்ணத் தொடங்கும் பல்லில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் முதல் நாளே படிகிற பழக்கம். கோடு திரும்பி வந்ததும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வட்டத்துக்கு ஏது முடிவு? அண்ணன் கோடு போடவில்லை. சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக விரலால் தள்ளிக்கொண்டே போனார். உடைந்த இடம் விரலுக்கடியில் வந்து போயிற்று. மறுபடி வந்து போயிற்று. அவர் நூற்றி நாற்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே, போதும்ணே."

"குறுக்க பேசாதடா. கணக்கு விட்டுப்போயிடும்."

தம்பி எழுந்து போய் லேத்தின் மூடியைத் திறந்து பார்த்தான். அந்த மெஷினை மெதுவாக ஓட்ட வேண்டுமானால், முதலில் உள்ளே பூட்டுப் போல இருக்கும் ‘பின்’ என்கிற ஆணியை இழுத்துவிட்டு, அப்புறம்தான் பின்பக்கச் சக்கரங்களைக் கோர்க்க வேண்டும். பின்னை இழுக்காமல் கோர்த்து மோட்டாரைப் போட்டால் இரண்டு வேகமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், பல் தெறிக்கும். சக்கரங்கள் கோர்த்தபடி இருந்தன, பின் மட்டும் இழுபடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. பழைய இரும்பாவது ஒன்றாவது!

சக் சாவி பறந்த விஷயம் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சாமானைப் பிடித்துக்கொண்டு சுழலும் சக்கை இறுக்கியதும் சாவியைக் கையோடு எடுத்துவிட வேண்டும். ஒருநாள் அண்ணன் எடுக்காமல் மோட்டாரைப் போட்டுவிட்டார். சாவி தம்பியின் காதோரமாகப் பறந்து தகரச் சுவரை நசுக்கியது. கை வழுக்கிவிட்டது என்று அண்ணன் சிரித்தார், இந்த அறிவாளியும் கூடச் சேர்ந்து சிரித்தான். அடுத்த தடவை சுவர் நசுங்காது, விரல் போகும். விரலோடு போனால் புண்ணியம்.

பல்லை அவனே எண்ணி, பல் டாக்டரிடம் அறுபத்து நான்கு என்று சொல்லிவிட்டு வந்தான். சக்கரம் வெட்டி வந்தது. அச்சு அசலாக வந்திருந்தது. அதைத் துணியில் சுற்றி வெல்டிங் குச்சிப் பெட்டிக்கு அடியில் தள்ளினான். மெஷினைச் சரிசெய்துவிட்டு அதன் பக்கம் போகாதே என்றால் கேட்கிற ஆளா அவர்? கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

அண்ணனிடம் அவன் பொய் சொன்னதே இல்லை. அதற்கப்புறம் தினமும் சொன்னான். அண்ணன் காலையில் வந்து, ஓடாத லேத்துக்கு எண்ணெய் போடுவார், துடைப்பார், அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வேலை கொண்டுவந்தவர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, எப்படியாவது தேடிக் கொடுங்கள் தம்பி என்று அண்ணி கண்கலங்கினாள். அவளிடமும் பொய்யை மென்று விழுங்கினான். எடுத்து மாட்டிவிடலாமா என்று தவித்தான். அவர் சிரிப்பைப் பார்க்க ஆசையாக இருந்தது, விரல்களைப் பார்த்தால் பயமாக இருந்தது.

ஒருநாள் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, நானே போய்ப் பல் டாக்டரைப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். தம்பி பற்றவைத்த இரும்புக் கேட்டையே மறுபடி பற்றவைத்தான்.

மத்தியானம் அண்ணன் திரும்பி வந்தார். தண்ணீர் குடித்தார். ஸ்டூலை லேத்துக்கு முன்னால் போடாமல் தம்பிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். தம்பி திட்டுக்குக் காத்திருந்தான். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்றே இருந்தான்.

"அவர் எப்பவோ குடுத்துட்டாராமே."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கு நான்தான்டா பின்னை இழுக்கல. அப்புறம் பார்த்தேன். உன்கிட்டச் சொல்ல வெட்கமா இருந்துச்சு." தம்பியின் காதைப் பார்த்தார். "சாவி இன்னும் கொஞ்சம் தள்ளி வந்திருந்தா என்ன ஆயிருப்ப?"

"அண்ணே, விடுங்க."

"அந்தச் சக்கரம் எங்க இருக்குன்னு எனக்குச் சொல்லாத. நான் மறந்துட்டு மறுபடி கேட்பேன். திட்டுவேன், கெஞ்சுவேன். அப்பவும் கிடைக்கலன்னே சொல்லு."

தம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதான். அண்ணன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார், ஏதோ அவனுக்குத்தான் உடம்பு சரியில்லாதது போல.

மறுநாள் காலையில் அண்ணன் வந்தார். லேத்துக்கு எண்ணெய் போட்டார், துடைத்தார். கையைத் துணியில் தேய்த்துக்கொண்டே தம்பி பக்கம் வந்தார்.

"என்னடா, சக்கரம் எங்கயாச்சும் கிடைச்சுதா?"

தம்பி அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். விளையாட்டாகக் கேட்கிறாரோ என்று கண்ணில் தேடினான், உதட்டில் தேடினான். அப்படி ஒன்றும் இல்லை. நேற்றைய பேச்சின் சுவடே அந்த முகத்தில் இல்லை.

"கிடைக்கலண்ணே."

"நல்லாத் தேடுடா" என்றார் அண்ணன். "எங்கயாச்சும் இருக்கும்."