வெள்ளை மொழியில் ஒரு கோபம்

2013 மே 6, திங்கட்கிழமை, அம்மான் நகரின் லுவைப்தெ குன்றிலுள்ள ஒரு மொழிமாற்று ஒலிக்கூடத்துக்குக் கடிதம் ஒன்று வந்தது. குரலைக் கேட்ட ஏழு பேரில் ஐந்து பேர் ‘ஜோர்தான்’ என்று எழுதியிருந்தார்கள்.

குரல் ருதைனாவுடையது. தெற்கு ஜோர்தானின் கோட்டை நகரான கரக்கைச் சேர்ந்தவர், வானொலி நாடகங்களில் இருபது ஆண்டு நடித்தவர். அறுபது பகுதிகள் கொண்ட துருக்கித் தொடர் ஒன்றில் தாய் வேடத்துக்குப் பேச வந்திருந்தார். தொடரை வாங்கிய வளைகுடாத் தொலைக்காட்சி கேட்டது வெள்ளை மொழி. எந்த ஊரின் சாயமும் ஒட்டாத, மொராக்கோ முதல் மஸ்கட் வரை யாரும் நெற்றியைச் சுருக்காமல் கேட்கக்கூடிய அரபி. வெள்ளைதானா என்று பார்க்க அவர்களிடம் ஒரு முறை இருந்தது. இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை ஏழு நாடுகளைச் சேர்ந்த ஏழு பேருக்கு அனுப்புவார்கள். பேசுபவர் எந்த நாட்டுக்காரர் என்று அவர்கள் எழுத வேண்டும். ஒரே நாட்டை இரண்டு பேருக்கு மேல் எழுதினால் குரல் தேறாது. ருதைனாவுக்கு வியாழக்கிழமை இன்னொரு வாய்ப்பு இருந்தது. அதுவும் போனால் வேடம் பெய்ரூட் நடிகை ஒருவருக்கு.

“முதல் நிமிஷம் பால் மாதிரி இருக்கு, உம்மு ஹம்ஸா,” என்றார் இயக்குநர் வஸ்ஃபி, ஊர் வழக்கப்படி ‘ஹம்ஸாவின் அம்மா’ என்று ருதைனாவை மகன் பெயரால் அழைத்து. “பையனைத் திட்ட ஆரம்பிச்சதும் கரக் கோட்டையே எந்திரிச்சு வந்துடுது.”

“மஞ்சப் பத்திரிகையில எட்டு வருஷம் குப்பை கொட்டின ஆளு எனக்கு வெள்ளை சொல்லித் தர்றீங்க.”

“அதனாலதான் சொல்றேன். கறை எங்க ஒட்டும்னு எனக்குத்தானே தெரியும்.”

காட்சி இதுதான்: மகன் தாயிடம் சொல்லாமல் ஜெர்மனிக்குப் போய்விட்டு ஓராண்டு கழித்து வாசலில் வந்து நிற்கிறான். செவ்வாய்க்கிழமை ருதைனா அதைப் பதினொரு முறை பேசினார். முதலில் ஊர்ச் சாயத்துக்குப் பயந்து இலக்கண அரபிப் பக்கம் சாய்ந்துவிட்டார்.

“இது வெள்ளை இல்ல, மக்கி மஞ்சளாப்போன பழைய இலக்கணப் புத்தகம்,” என்றார் வஸ்ஃபி. “இவ அம்மாவா, மதரஸா வாத்தியாரா?”

பிறகு ருதைனா தன் பேச்சிலிருந்து கரக்கை முழுவதுமாகக் கழுவி எடுத்தார். ஒலிப்பதிவாளர் ஆரம் காதுக்கருவியைக் கழற்றினார்.

“கேட் நம்பர் சொல்ல மறந்துட்டீங்க, உம்மு ஹம்ஸா.”

“என்ன?”

“விமான நிலைய அறிவிப்பு மாதிரி இருக்குன்னேன்.”

“பரவால்ல, இது தேறிடும். அனுப்பிடலாம்,” என்றார் வஸ்ஃபி.

“தேறும். ஆனா பாக்குறவ பாத்திரம் கழுவப் போயிடுவா. அறுபது பகுதிக்கும் என்னால அறிவிப்பு வாசிக்க முடியாது, அபூ லுவாய். நாளைக்கு ஒரு நாள் குடுங்க. முடிச்சுத் தரேன்,” என்றார் ருதைனா, வஸ்ஃபியை அவர் மகன் பெயரால் அழைத்து.

மறுநாள் காலை ருதைனா வந்ததும் உட்காரக்கூட இல்லை.

“உங்கம்மாவுக்கு உங்க மேல கோவம் வந்தா என்ன பண்ணுவாங்க?”

“செருப்பு,” என்றார் வஸ்ஃபி.

“அது தினப்படிக் கோவம். நான் கேக்கறது நிஜக் கோவம்.”

“அவங்களக் கேக்காம ஒரு கல்யாணத்தைப் பேசி முடிச்சேன். அன்னிக்கு என்னை வரவேற்பறையில உக்கார வெச்சு, கசப்புக் காபி ஊத்திக் குடுத்தாங்க.”

ஆரம் நாக்கைச் சொடுக்கினார். வீட்டுப் பிள்ளைக்கு இனிப்புத் தேநீர்தான். கசப்புக் காபி விருந்தாளிக்கு.

“எப்படிப் பேசினாங்க?”

“வாங்க, உக்காருங்க, பயணம் சௌகரியமா இருந்துச்சான்னு. யாரோ வெளியூர்க்காரன்கிட்ட பேசுற மாதிரி. அதுக்கு செருப்படியே தேவலாம்.”

“வெளியூர்க்காரன்கிட்ட அவங்க ஊர்ப் பேச்சா பேசுவாங்க? நம்ம யாருமே பேச மாட்டோம். அன்னிக்கு உங்கம்மா பேசினாங்களே, அதுதான் வெள்ளை.”

வஸ்ஃபி வசனத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். ஆரம் மட்டும் திரையைக் காட்டினார்.

“எல்லாம் சரி. கடைசியில துருக்கிக்காரி வாயைப் பாருங்க, குகை மாதிரி திறந்திருக்கு. அதுக்குள்ள விருந்து உபசாரத்தை எப்படி வெக்கிறது?”

“அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் முதுகு தெரியுது?”

“ஒன்றரை நிமிஷத்துக்கு மேல.”

“அது போதும். முதுகு தெரியிற வரைக்கும் உபசாரம். திரும்பினதும் பையன் பேரை மட்டும் கத்துறேன். வேற ஒரு வார்த்தை வேண்டாம்.”

வஸ்ஃபி திட்டுச் சொற்களை அடித்துவிட்டு அந்த இடத்தில் நலம் விசாரிப்பை எழுதினார். ருதைனா இரண்டே முறை பேசினார். இரண்டாவது முறை முடிந்ததும் ஆரம் கருவியை நிறுத்த மறந்து, திரையில் ஓடும் ஒலிக்கோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

“இதை அனுப்புங்க,” என்றார் ருதைனா.

துண்டு வியாழக்கிழமை காலை போனது. மாலையில் பதில் வந்தது. இருவர் சிரியா, இருவர் ஜோர்தான், ஒருவர் லெபனான், ஒருவர் பாலஸ்தீனம். சூடான்காரர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். ருதைனாவின் ஒப்பந்தம் அன்றே கையெழுத்தானது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் பகுதியின் பதிவு தொடங்கியது.