பாதிப் பேச்சு

அப்பா ஹெட்போனைக் கழற்றி மகனின் மேசைமேல் வைத்தார். "உங்க அக்கா பேசினது கேட்டுச்சுடா."

மகன் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தான். பக்கத்தில் நின்று கத்தினாலே பாதிதான் விளங்கும் மனிதருக்கு, அடுத்த அறையில் படுத்திருந்தபடி எப்படிக் கேட்டது? கம்ப்யூட்டர் திரையைப் பார்த்ததும் புரிந்தது. அப்பாவுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வைத்தால் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அதனால் படத்தின் சத்தம் ஸ்பீக்கரிலும் அப்பாவின் வயரில்லாத ஹெட்போனிலும் ஒரே நேரத்தில் போகும்படி மென்பொருளில் வழி செய்திருந்தான். பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தும் இருந்தான். இன்று அக்காவை அழைத்தபோது ஸ்பீக்கரை அணைத்துத் தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டவன், அப்பாவின் ஹெட்போனுக்கு எதிரே இருந்த டிக் குறியை மட்டும் எடுக்க மறந்துவிட்டான்.

"தூங்கி எழுந்து, படம் ஏதும் ஓடுதான்னு மாட்டினேன். 'முதியோர் இல்லத்துலயே சேத்துடலாம், அப்பாகிட்ட இப்ப சொல்லாதே'ங்கிறா. பெத்த பொண்ணு! நீ வாயே தெறக்கலையேடா. உனக்கு மனசு வரல."

வாயைத் திறந்தவனே அவன்தான். அடுப்பை அணைக்க மறக்கிறார், பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, இனி என்னால் முடியாது என்று அக்காவைப் பேசிப் பேசிக் கரைத்திருந்தான். அவள் அழுதாள். என்னிடமே அனுப்பிவிடு என்று கெஞ்சினாள். உன் மாடி வீட்டில் அவர் எப்படி ஏறி இறங்குவார் என்று அதையும் அடித்துப்போட்டான். கடைசியில் தோற்றுப்போய் அவள் சொன்னதுதான் அப்பாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. இவன் பேசியது மைக் வழியாக அவளுக்குப் போனதே ஒழிய, இங்கே எந்த ஹெட்போனிலும் வரவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு கணம் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து உடனே கூசிப்போனான்.

"அவ கூப்பிட்டா நான் பேச மாட்டேன்னு சொல்லிடு. எனக்கு நீ ஒருத்தன் போதும்." அப்பா அவன் தோளைத் தட்டினார். அந்தக் கை எப்போது விலகும் என்று இருந்தது அவனுக்கு.

அப்போதே திரையில் அக்காவின் அழைப்பு வந்தது. அவள் படத்தைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் ஓரம் நனைந்திருந்தது. அழைப்பு அடித்து ஓய்ந்தது.

"அப்பா, நான்தான் சொன்னேன். அவ இல்ல. அவ உங்கள தன் வீட்டுக்கே அனுப்பச் சொல்லி அழுதா."

சாதாரணக் குரலில்தான் சொன்னான். கத்தினால்தான் கேட்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. காதில் விழாத எதற்கும் செய்வதுபோல அப்பா சிரித்துத் தலையாட்டினார். அத்தோடு போய்விடுவார் என்றுதான் நினைத்தான்.

அவர் போகவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கொஞ்சமாவது கேட்கிற வலது காதை அவன் வாயருகே கொண்டுவந்தார்.

"என்னடா சொன்னே?"