வெடிமருந்து அறைக்கு ஒரு கதவு

"அப்ப நீங்களே தூக்கிக்கினு போய் மாட்டுங்க சாப். என் ஆளுங்க அந்தப் பக்கம் கால் வெக்க மாட்டோன்றானுங்க."

"ஏன் பாய்? உள்ள பேய் கீய் இருக்குதா?"

"பேய்னாகூட நாலு பேரு போவானுங்க. புள்ள பெத்தவ இருக்கறா."

ஓவர்சியர் கோபால்சாமி தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார். காண்டிராக்டர் நசருல்லா கோட்டை மதிலில் சாய்ந்து பீடியைப் பற்றவைத்தார். இருவருக்கும் நடுவே தரையில் கிடந்தது புதுக் கதவு. பழைய மாதிரியே இரும்புப் பட்டையும் குமிழ் ஆணியும் வைத்து வாணியம்பாடியில் செய்து, மலைப்பாதையில் லாரி ஏற்றிக் கொண்டுவந்தது. நாளைக் காலை கலெக்டர் வந்து கோட்டையைப் பூங்காவாகத் திறந்துவைக்கிறார். குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குக் காவி அடித்தாயிற்று. சக்கரம் இல்லாத பீரங்கிக்குச் சிமெண்டில் மேடை கட்டியாயிற்று. வெடிமருந்து அறைக்குக் கதவு மட்டும்தான் பாக்கி.

கோபால்சாமிக்கு இது முதல் வேலை. வந்த புதிதில் இந்த மதில்மேல் நின்று, பனியில் கம்பளிக் கோட்டோடு காவல் நிற்கும் சிப்பாய்களை எத்தனையோ சாயங்காலம் கற்பனை செய்திருக்கிறார். கணவாய்க்கு அந்தப் பக்கம் மைசூர்க்காரன் சீமையாக இருந்த காலத்தில், மேலேறி வருகிறவனைப் பார்ப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் கட்டிய கோட்டை. யாரும் ஏறி வரவில்லை. சிப்பாய்கள் மலைக்காய்ச்சலில் செத்தார்கள். பிறகு எல்லையே எங்கோ நகர்ந்துபோனது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கோட்டை நின்றது. காட்டிலாகா கொஞ்ச காலம் சந்தனக்கட்டை அடுக்கியது. அதன்பின் ஊர்க்காரர்கள் சாமை காயவைத்தார்கள். அறிவிப்புப் பலகைக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பியபோது, 'போர் எங்கே?' என்று கேட்டு மேலிடம் திருப்பி அனுப்பியது. மறுபடி எழுதினார். மறுபடி திரும்பி வந்தது. கடைசியில் 'வீரம் விளைந்த மண்' என்று எழுதியதும் உடனே ஒப்புதல் வந்தது.

தூரத்தில் கூலியாட்களோடு குந்தியிருந்த அர்ச்சுனனைக் கூப்பிட்டார். கிழவர் எழுந்து பாதி தூரம் வந்து நின்றார்.

"யோவ், அறைக்குள்ள இருக்கறது உன் மருமவளாமே? ஊர்ல வேற எடமே கெடைக்கலியா?"

"இருந்திச்சி சாமி. மதிலுக்கு அந்தாண்ட ஒரு கொட்டாய் இருந்திச்சில்ல? புள்ள பெத்தா அதுல போய்த்தான் இருப்பாங்க. அத நீங்கதான பிரிக்கச் சொன்னீங்க."

கோபால்சாமி அதை ஆட்டுக்கொட்டகை என்றுதான் நினைத்திருந்தார். வாசலில் நின்று போட்டோ எடுத்தால் பின்னால் அசிங்கமாக விழும் என்று, சந்தவாசலிலிருந்து வந்திருந்த கூலிகளை விட்டுப் பிரித்துப் போட்டதும் உண்மைதான். அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்; இப்போது இருப்பவர்கள் இந்த ஊர் ஆட்கள்.

"அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"வந்து பாக்கறதுக்குள்ள ஓலைய எரிச்சிட்டானுங்க."

"சரி, இப்ப புதுசா ஒண்ணு போட்டு மாத்திடுங்க."

"கொட்டாய் போட்டுடலாம். தீட்டு கழியாம அவ எடம் மாறக் கூடாது. ஆம்பளைங்க கிட்டப் போவவும் கூடாது."

இவரோடு பேசிப் பயனில்லை என்று தோன்றியது. கோபால்சாமி நசருல்லாவிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "கதவ இப்ப மாட்டி, காலைல வெளிய பூட்டிடுவோம். சாவி தொலஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டா கலெக்டர் பாட்டுக்குப் போய்டுவாரு. ரெண்டு மணி நேரம்தானே."

"பூட்டிட்டா? ஜன்னலு கெடையாது சாப் அதுக்கு. பச்சக் கொழந்த."

"காத்து போக மேல ஓட்டை இருக்குது."

"வெடிமருந்துக்கு வெச்ச ஓட்ட சாப் அது!" நசருல்லா பீடியை வீசினார். "எங்க வூட்ல புள்ள பெத்தவள நாப்பது நாளு படிய வுட்டு எறக்க மாட்டாங்க. பூட்டி மட்டும் வெச்சதில்ல."

"அப்ப அவள இப்பிடியே கலெக்டருக்குக் காட்டலாமா? சொல்லுங்க!"

வேறு வழி தெரியாமல் நசருல்லா ஜீப் டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டு கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மூவரும் மூச்சுவாங்கத் தூக்கிப் போனார்கள். அறைக்கு எதிரே உட்கார்ந்திருந்த செல்லியம்மாள், உள்ளே இருந்தவளின் தாய், எழுந்துகொண்டாள்.

"வாங்க, வாங்க. கொட்டாயப் பிரிச்சீங்க, இப்ப எம்பொண்ண மூடி வெக்க வந்தீங்களா? பூச்செடிக்கு வேலி போட்டீங்களே, எல்லாம் யாரு வந்து குந்தறதுக்கு?"

"தள்ளும்மா, கால்ல விழுந்துடும்," என்றார் கோபால்சாமி. எரிச்சலில் குரல் கீச்சென்று வந்தது.

கதவை நிறுத்திக் கீலில் பொருத்தினார்கள். உள்ளே யாரையும் பார்க்காமல் இருக்க நசருல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவு மெதுவாக மூடிக்கொள்ள, தரையில் விழுந்திருந்த வெயில் பட்டை ஒடுங்கிக்கொண்டே போய்க் கயிறு மாதிரி ஆனது. குழந்தை சிணுங்கியது. பூட்டு சேருகிறதா என்று பார்க்கக் கோபால்சாமி சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தார்.

இடுக்கு வழியாக, உள்ளே இருந்த வெள்ளையம்மாளின் குரல் வந்தது. அழுகை இல்லை, வேலைக்காரனுக்கு வேலை சொல்வது போல இருந்தது.

"சாமி, கதவு போடறதுன்னா போட்டுக்கங்க. கண்டவங்க எட்டிப் பாக்காம இருக்கும். தாப்பாள மட்டும் உள்பக்கமா வெச்சிக் குடுங்க."