கிளை கழிக்காத ஆறு மரங்கள்

என் கணவர் முடாவே இருந்தவரை, மழைக்கு முன்னால் எல்லையோரத்துச் சில்வர் ஓக் மரம் ஆறிலும் ஏறி, உச்சியில் ஒரு கொத்து மட்டும் விட்டுக் கிளைகளைக் கழித்துவிடுவார். மேலே தழை குறைந்தால் கீழே வேரும் அடங்கிக் கிடக்கும். அடிமரம் வரைக்கும் மக்காச்சோளம் விளைந்தது.

அவர் போய் மூன்று வருடம். கிளைகள் தலைவிரித்தாடுகின்றன, வேர் என் அடுப்படி வரை வந்துவிட்டது. சோளம் முழங்கால் உயரத்திலேயே மஞ்சளாகிவிடுகிறது. எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் வருடம் முழுக்க உகாலிக் களி கிண்ட இந்த நிலம் ஒன்றுதான்.

எங்கள் மரகோலி ஜனங்களிடம் பெண் மரமேறிக் கிளை வெட்டினால் அந்தக் குடும்பத்து ஆண் செத்துப்போவான் என்பார்கள். மிச்சமிருக்கும் ஆண் என் கொழுந்தன் அசாவா. மரம் ஆண்களுக்குத்தான் சொந்தம் என்பதால் மரங்களும் இப்போது அவனுடையவை. அவன் சொல்லாமல் கூலியாள்கூடத் தொடமாட்டான். பக்கத்து நிலத்தில் செங்கல் வீடு கட்டிப் பூட்டிவிட்டு நைரோபியில் இருக்கிறான். இவன் உயிருக்காக நான் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக வரும்.

போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, ஒரு நடை வந்து கிளையக் கழிச்சுக் குடுங்க. வேர் எல்லாத்தையும் உறிஞ்சுது."

"கிளைக்கும் வேருக்கும் என்ன அண்ணி சம்பந்தம்? முடி வெட்டினா காலு சின்னதாயிருமா?" என்று சிரித்தான். "வேர்தான தொந்தரவு? வேரையே வெட்டுங்க. பொம்பள மண்ணு தோண்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

மூன்று நாள் தோண்டினேன். முதல் மரத்துக்கு என் பக்கம் ஓடிய வேர் அத்தனையும் அறுத்தேன். கை புண்ணாகிவிட்டது. நாலாம் நாள் காற்றும் மழையும். மேலே அவ்வளவு பாரம், இந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்க வேரில்லை. மரம் அசாவா வீட்டுக் கூரைமேல் சாய்ந்தது.

மூன்று வருடம் வராதவன் மறுநாளே வந்து நின்றான். கூட்டம் கூடியது.

"நீங்கதான தம்பி வெட்டச் சொன்னீங்க?"

"வேர வெட்டச் சொன்னேன் அண்ணி. என் வீட்ட இடிக்கவா சொன்னேன்?"

கூட்டத்துக்குப் பெரியவர் கிடிகா தீர்ப்புச் சொன்னார். "மிச்ச மரத்துக்குப் பத்து எட்டு தூரத்துக்குள்ள இனி நீ மண்வெட்டி போடக் கூடாதும்மா."

"அப்ப கிளையயாவது கழிக்கச் சொல்லுங்கய்யா," என்று கெஞ்சினேன்.

"அது அவன் மரம். அவன் இஷ்டம்."

அசாவா அன்று சாயந்திரமே பஸ் ஏறிவிட்டான். என் நிலத்தின் அகலம் மொத்தமே பதினான்கு எட்டு. அதில்தான் வீடும் இருக்கிறது.