ஆறு பூஜ்யங்கள்

வீட்டிலும் அவனுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பெயர், முப்பத்துநாலு வயதாகியும் உதிரவில்லை. நாலு இடத்தில் வேலைக்குப் போய் நாலிலிருந்தும் வெளியே வந்தவனை, தான் பதினொரு வருடமாக இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே அக்கா சேர்த்துவிட்டாள். பின்னறையில் அவன் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துவான். அவள் அதைப் பவர் பார்க்கும் கருவியில் வைத்து, ஆர்டர் சீட்டில் இருப்பதோடு ஒத்துப்பார்த்து முன்பக்கம் அனுப்புவாள்.

வேலை கைவந்தவன்தான். கோளாறு கையில் இல்லை. லென்ஸின் கோணம் நூற்றெண்பது டிகிரி என்று சீட்டில் படிப்பான். அதற்குள் தெருவில் எவனாவது ஹாரன் அடித்திருப்பான், இவன் எண்பதில் வெட்டி வைத்திருப்பான். வலது கண்ணுக்கான லென்ஸ் ஜம்மென்று இடது பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். சோம்பேறி, பொறுப்பில்லாதவன் என்று ஊரெல்லாம் சொன்னதை அவனும் நம்பிக்கொண்டுதான் இருந்தான். போன வருடம்தான் ஒரு மனநல டாக்டரம்மா அதற்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று பெயர் சொன்னார். வளர்ந்தவர்களுக்கும் இருக்குமாம். பெயர் கிடைத்த அன்று அவன் அழுதான்.

முதல் மாத்திரையில் இதயம் தாறுமாறாக ஓடியது. டாக்டரம்மாவே நிறுத்திவிட்டார். இரண்டாவதில் சாப்பாடு வயிற்றில் தங்கவில்லை. அலாரம் வைத்தான், அலாரத்தை அணைத்ததை மறந்தான். சுவரெல்லாம் குறிப்புச் சீட்டு ஒட்டினான், ஒரு வாரத்தில் அவை அவன் கண்ணுக்குச் சுவராகவே ஆகிவிட்டன.

அப்புறம்தான் சிபிடி எண்ணெய் வந்து சேர்ந்தது. கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, ஆனால் போதை தராத சரக்கு. மருந்துக்கடையிலேயே விற்றார்கள். ஃபோனில் எவனோ ஒருவன் என் வாழ்க்கையே மாறிவிட்டது என்று பேசியதைப் பம்பரம் பதினாறு தடவை பார்த்தான். எதையும் ஒரு தடவைகூட முழுசாகப் பார்க்காதவன்.

"உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "பெரியவங்க ஏடிஹெச்டிக்கு இது வேலை செய்யுதுன்னு சொல்ற அளவுக்கு ஆராய்ச்சி இல்ல. நடந்ததெல்லாம் சின்னச் சின்னது. நான் எழுதித் தரமாட்டேன். ஆனா நீங்க எப்படியும் குடிக்கத்தான் போறீங்க, முகத்துலயே தெரியுது." பிறகு அக்காவைப் பார்த்தார். "கடையில எத்தனை தப்புன்னு ஆறு வாரம் எண்ணிட்டு வாங்க. அவர் எண்ண வேணாம். நீங்க எண்ணுங்க."

அக்கா ஒரு அட்டையில் ஆறு கட்டம் போட்டுப் பின்னறைச் சுவரில் மாட்டினாள். கடைக்காரம்மாவும் வந்து பார்த்தாள். "இன்னொரு தப்புக் கண்ணாடி வெளிய போச்சுன்னா, இவன் வேற வேலை பாத்துக்கட்டும்," என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் சனிக்கிழமை. அந்த வாரம் தப்பு மூன்று. மூன்றையும் கடை திறப்பதற்கு முன்பே வந்து அக்கா புதிதாக வெட்டி மாற்றியிருந்தாள். மூன்று என்று எழுதத்தான் பேனாவை எடுத்தாள்.

"அக்கா, மண்டைக்குள்ள ஒரு சத்தமும் இல்லக்கா இந்த வாரம். ஒரு தப்புகூட இல்லல்ல?"

பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றான். அந்த முகத்தை அவள் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டாள். பூஜ்யம் என்று எழுதினாள்.

ஒன்று எழுதியவளுக்கு மற்ற ஐந்து சிரமமாகவா இருக்கும்? பம்பரம் நிமிர்ந்து நடந்தான், நன்றாகத் தூங்கினான், வேலையில் பாட்டுகூட முணுமுணுத்தான். எண்ணெய் தந்த தூக்கமோ, யாரும் திட்டாததால் வந்த தூக்கமோ, யார் கண்டது. எண்ணெயை நாக்குக்கடியில் விட்டது அவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது அவள். ஆனால் பேரும் புகழும் அந்தச் சின்னப் பாட்டிலுக்கே போனது.

ஆறாவது சனிக்கிழமை காலையில் கடைக்காரம்மா அட்டை முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஆறு வாரமா ஒண்ணுமே இல்லையே! அப்புறம் செக் பண்ண தனியா ஒரு ஆள் எதுக்கு? நான் தொறக்கப்போற புதுக் கடைக்கு நீ போ. இங்க இவனே வெட்டி இவனே பாக்கட்டும். நாலு மணிக்கு வரேன், சரியான்னு சொல்லுங்க."

பம்பரம் அக்காவைத் தூக்கிச் சுற்றாத குறை. "தனியா! என்னைய நம்பி தனியா!" என்றான். அக்காவுக்கு அந்த வாரச் சீட்டுகள் ஞாபகம் வந்தன. அந்த வாரத் தப்புகளில் ஒன்று ஒரு பஸ் டிரைவருடைய கண்ணாடி.

சாப்பாட்டு வேளையில் கதவைச் சாத்திவிட்டுத் தன் மேசையின் கீழ் டிராயரை இழுத்தாள். இருபத்திரண்டு ஜோடி லென்ஸ், ஒவ்வொன்றோடும் அதன் சீட்டு. தூக்கிப் போட அவளுக்கு மனம் வந்ததில்லை.

"யாரோடதுக்கா இதெல்லாம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

அவள் ஒரு சீட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். வெட்டியவர் என்ற இடத்தில் இருந்த கையெழுத்து அவனுடையது. ஒன்று பார்த்தான், இரண்டு பார்த்தான், பத்துக்கு மேல் பார்க்கவில்லை.

"எண்ணெய்க்கு முன்னாடி வாரத்துக்கு எத்தனை வரும்?"

"மூணு, நாலு."

"அதேதானா? கொஞ்சம்கூடக் கொறையலையா?"

"இல்லடா. உன் முகத்தைப் பாத்து என்னால சொல்ல முடியல."

அவனுக்குக் கோபம் வந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வரவில்லை. "மாத்திரையும் ஒத்துக்கல. இதுவும் இல்ல. இதுக்கப்புறம் என்னக்கா இருக்கு?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

அவன் எழுந்து போய் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். "நானே அவங்ககிட்ட காட்டுறேன். நீ சொல்லு, நான் எழுதுறேன். இனிமே மட்டும் எனக்காகப் பொய் சொல்லாதக்கா. எப்பவும்."

"சொல்லமாட்டேன்."

முதல் இரண்டு வாரம் மூன்று, நான்கு என்றாள். பூஜ்யத்தை அடித்துவிட்டு எழுதினான். "மூணாவதும் நாலாவதும்?" மூன்று, ஐந்து என்றாள். அந்த நேரம் முன்பக்கம் யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவன் தலை அரை நொடி அந்தப் பக்கம் திரும்பி வந்தது. கடைசி இரண்டு வாரமும் மூன்று, நான்கு என்றாள்.

வெளியே கடைக்காரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் அட்டையை அக்கா பக்கம் திருப்பினான். மூன்றாவது கட்டத்தில் ஐந்து இருந்தது. நான்காவதில் மூன்று. எழுத்து முத்து முத்தாக இருந்தது. மொத்தமும் மாறவில்லை, யாரும் கண்டுபிடிக்கப் போவதுமில்லை.

"சரியா எழுதியிருக்கேனாக்கா?"

அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

"இல்லடா," என்றாள்.